மொட்டைக்கு வருகை இல்லை

எரியோட்டுக்கு மேற்கே கருக்கம்பட்டி என்று ஓர் ஊர். அங்குள்ள தொடக்கப் பள்ளிக்கு அன்புக்கரசிதான் தலைமையாசிரியை. தலைமை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மணியடிப்பதும் அவள், பாடம் நடத்துவதும் அவள், வாசலில் படுத்திருக்கும் நாயை விரட்டுவதும் அவள். வேறு வாத்தியார் கிடையாது.

போன வருசம் இந்தப் பள்ளியை மூடி, நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடப் போவதாகப் பேச்சு வந்தது. பிள்ளைகள் குறைவாம். அந்தச் சாலையில் லாரிகள் வருகிற வரத்துக்கு வளர்ந்த ஆளே தாண்ட யோசிப்பான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எப்படித் தாண்டும்? பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஜக்கம்மாள், முருங்கைக் காட்டு வேலையைப் போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். வேன் ஏறி வெளியூர்ப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தாள். மனுசரை மட்டும் நம்பினால் ஆகாது என்று சாமியிடமும் ஒரு வார்த்தை போட்டு வைத்தாள்.

"பழனியாண்டவா, பள்ளிக்கூடம் இங்கனயே இருந்துருச்சுன்னா, படிக்கிற பிள்ளைக அம்புட்டுப் பேருக்கும் ஒன் மலையடியில மொட்டை."

பள்ளி தப்பித்தது. முருகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், ஊர் காப்பாற்ற வேண்டாமா? தை மாதம் ஒரு சனிக்கிழமை வேன் பிடித்து எல்லாரும் பழனிக்குப் போனார்கள். ஜக்கம்மாள் மகள் பவித்ரா இடுப்புவரை முடி வைத்திருந்தவள், அதுவும் போனது. சத்துணவு சமைக்கும் இன்னாசியம்மாள் தன் பேரன் செழியனையும் கூட்டி வந்து உட்கார வைத்தாள். "நீங்க வேதக்காரவுகளாச்சே?" என்று யாரோ கேட்டதற்கு, "வேளாங்கண்ணியில போட வேண்டிய மொட்டை. மாதாகிட்ட நான் சொல்லிக்கிர்றேன்" என்றாள். அன்புக்கரசிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பள்ளிக்காக ஓர் ஊரே தலையைக் கொடுக்கிறது என்றால் சும்மாவா?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி ஒரு செயலி. 'முகமலர்' என்று பெயர். காலையில் ஒவ்வொரு பிள்ளையின் முகத்துக்கு நேரேயும் கைப்பேசியைப் பிடித்தால், 'டிங்' என்று ஒரு சத்தம் வந்து பெயரைச் சொல்லும். அது சொன்னால்தான் பிள்ளை பள்ளிக்கு வந்ததாகக் கணக்கு. தொடர்ந்து மூன்று நாள் வருகை குறைந்தால் பள்ளி தானாகவே மூடும் பட்டியலுக்குப் போய்விடும். யாரையும் கேட்காது, யார் சொன்னாலும் கேட்காது.

திங்கட்கிழமை காலை சந்தனம் பூசிய தலைகள் வரிசையாக வந்து நின்றன. அன்புக்கரசி முதலில் பவித்ராவுக்கு நேரே கைப்பேசியை நீட்டினாள்.

'அறியாத நபர்' என்றது முகமலர்.

அடுத்து அஜித். அறியாத நபர். செழியன். அறியாத நபர். முகேஷ்குமாரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, 'மனித முகத்தைக் காட்டவும்' என்றது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்புக்கரசி சந்தனத்தைக் கழுவச் சொன்னாள். வெயிலில் நிறுத்தினாள், நிழலில் நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமை ஜக்கம்மாள் வீட்டிலிருந்து தன் சவுரியைக் கொண்டுவந்து பவித்ராவின் மண்டையில் துணியால் கட்டிப் பார்த்தாள். அதைக் கண்டதும் செயலி தானாகவே அணைந்துபோனது.

"அதுவும் பயந்துருச்சு டீச்சரம்மா" என்றாள் ஜக்கம்மாள்.

"சிரிக்காதீங்க ஜக்கம்மா. நாளைக்கும் இப்படியே ஆனா பள்ளிக்கூடம் போயிரும்."

ஜக்கம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். "பள்ளிக்கூடம் இருக்கணும்னுதான மொட்டையே போட்டோம்?"

அன்புக்கரசி மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். மொட்டைத் தலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முடிச்சுப் போடும் காலம் வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். பாட்டு ஓடி முடிந்து ஒரு பெண் குரல் வந்தது.

"மாணவர் முகத்தைப் புதுசா பதிவு செஞ்சுக்கலாம் மேடம். அன்னைக்கு மாணவர் பள்ளிக்கு வந்திருக்கணும், அவ்வளவுதான்."

"வந்துதாம்மா இருக்காங்க. என் முன்னாடிதான் உக்காந்திருக்காங்க."

"வருகை பதிவாகலையே மேடம்."

"முகம் தெரியாததாலதானம்மா பதிவாகல?"

"அதுக்கு முகத்தைப் புதுப்பிக்கணும் மேடம்."

செக்குமாடு மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அன்புக்கரசி போனை வைத்தாள்.

புதன்கிழமை. முடிந்தது கதை என்றுதான் பள்ளிக்கு வந்தாள். கடைசியாக ஒரு தரம் பார்ப்போம் என்று பவித்ராவுக்கு நேரே கையைத் தூக்கினாள். கைப்பேசி சற்று மேலே போய்விட்டது. அவள் தலைக்கு மேலே சுவரில் போன ஆண்டுவிழாவில் எடுத்த படம் மாட்டியிருந்தது. எண்ணெய் தேய்த்து வகிடெடுத்த தலைகளோடு எல்லாப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

'டிங். பவித்ரா. வருகை உண்டு. டிங். அஜித். வருகை உண்டு.'

வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டே போனது. முகேஷ்குமார்கூட மனிதனாகிவிட்டான். பிள்ளைகள் கை தட்டினார்கள். அன்புக்கரசி தப்பு என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. பிள்ளைகள் எதிரே முழுசாக உட்கார்ந்திருக்கும்போது எது பொய்? அன்றிலிருந்து காலையில் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டு வருகை எடுத்தாள். காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கும் வருகை, சித்தி கல்யாணத்துக்குக் குஜிலியம்பாறை போன பிள்ளைக்கும் வருகை. மாவட்டத்திலேயே இப்படி ஒரு வருகை எங்கும் இல்லை.

அங்கேதான் வம்பு வந்தது. நூற்றுக்கு நூறு என்று வந்ததும், பாராட்டிவிட்டு அப்படியே சரிபார்த்துவிட்டு வரச்சொல்லி ரொனால்டு என்கிற அதிகாரியை அனுப்பிவிட்டார்கள். இளவயசு, நல்ல பையன். வந்ததும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார், வாய்ப்பாடு கேட்டார். பவித்ரா பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் சொன்னாள். "பிரமாதம் மேடம்" என்று மனசாரச் சொல்லிவிட்டுத் தன் கைப்பேசியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

அறியாத நபர். அடுத்த பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை, எல்லாம் அறியாத நபர். ரொனால்டின் முகம் வெளுத்தது.

"யாரு மேடம் இவங்கள்லாம்?"

"என் பிள்ளைக சார். இப்பத்தான வாய்ப்பாடு சொன்னா? மொட்டை போட்டிருக்காங்க, அம்புட்டுத்தான்."

"எனக்குத் தெரியுது மேடம். எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? இதுக்குத் தெரியணுமே."

வேறு வழியில்லாமல் அன்புக்கரசி சுவரிலிருந்து படத்தை இறக்கி நீட்டினாள். டிங், டிங், டிங். ஒருவர் பாக்கியில்லாமல் வருகை. ரொனால்டு கோபப்படுவார் என்று பார்த்தால், போன உயிர் திரும்பி வந்தவர் போல மூச்சு விட்டார். ஆனால் திரையில் சிவப்பாக ஒரு வரி மட்டும் போகாமல் நின்றது: 'வகுப்பறையில் அறியாத நபர்கள் உள்ளனர். வெளியேற்றிய பின் படம் எடுத்து அனுப்பவும். தவறினால் பள்ளி மூடல் பட்டியலில் சேர்க்கப்படும்.'

ரொனால்டு தலையைச் சொறிந்தார். "செத்த நேரம்தான் மேடம். பிள்ளைகளக் கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்க."

பிள்ளைகள் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் போய் நின்றார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஜக்கம்மாள் இதைப் பார்த்துவிட்டு மண்வெட்டியோடு ஓடி வந்து பிள்ளைகளோடு நின்றாள். ரொனால்டு படத்தை முதல் பெஞ்சில் சாய்த்து வைத்தார். "பாடம் நடத்துற மாதிரி நில்லுங்க மேடம். கொஞ்சம் சிரிச்ச மாதிரி." அன்புக்கரசி சாக்பீஸை எடுத்துக்கொண்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் தன் வகுப்பைப் பார்த்துச் சிரித்தாள். வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சட்டத்துக்குள் யாரும் சத்தம் போடவில்லை, யாரும் ஒன்றுக்குப் போகக் கேட்கவில்லை. இப்படி ஒரு வகுப்பைத்தான் மேலே இருப்பவர்கள் கேட்கிறார்கள் போலும்.

"வாழ்த்துகள் மேடம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கொறையும் வராது" என்றார் ரொனால்டு, படத்தை எடுத்து அனுப்பிக்கொண்டே.

வாசற்படியில் பவித்ராவின் மொட்டைத்தலை எட்டிப் பார்த்தது.

"டீச்சர், நாலுவழி ரோட்டத் தாண்டிப் போக வேணாம்ல?"

"வேணாம் தாயி. நம்ம பள்ளிக்கூடம் நமக்குத்தான்."

"அப்ப உள்ள வரலாமா?"

அன்புக்கரசி வாயைத் திறக்குமுன் ரொனால்டு பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார். சிக்னல் கிடைக்காமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"படம் இன்னும் போகல மேடம். போயிச் சேந்ததும் ஒப்புதல் வரணும், அதுக்கு ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். அதுவரைக்கும் தயவுசெஞ்சு பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்குள்ள விட்டுறாதீங்க. விட்டீங்கன்னா பள்ளிக்கூடம் போயிரும்."