கர்னல் இன்னும் வாயைத் திறக்கவில்லை

1

இந்தக் கதை என் வீட்டு ஃப்ரீசரில் பிறந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு பூர்வீகம் இல்லை. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி டெஸ்லி ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து, "எங்க ஃப்ரீசர்ல எடமே இல்லப்பா, கொஞ்ச நாள் வச்சுக்கோ" என்றாள். அவள் கணவன் மெர்வ் இறந்ததிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு தட்டுச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார்கள். இங்கே சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லை. லசான்யாவுக்கு மேல் லசான்யா. பொட்டலத்தில் இருந்தவை ரோமம் முளைக்காத எலிக்குஞ்சுகள். பட்டாணி தேடிய என் மனைவிதான் பிரித்துப் பார்த்தாள். (அப்புறம் நடந்ததை எழுத அவள் அனுமதி தரவில்லை.)

2

முதல் வரிக்காக எழுதிப் பார்த்தவை:

"டெஸ்லி கண்ணீர் மல்கப் பாம்பைப் பார்த்தாள்." பொய். அவள் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள்.

"பசி என்பது எல்லா உயிர்களுக்கும் பொதுவானது. ஆனால்"

ஆனால் என்ன? தெரியவில்லை. நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

3

மெர்வ் மலைப்பாம்பு வளர்த்தவன். டெஸ்லிக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவன் போனதும் பாம்பு வளர்ப்போர் சங்கத்து ஆட்கள் வந்து ஆளுக்கொன்றாய்க் கொண்டுபோனார்கள். பல்பு எரியும் பெட்டிக்குள் அவன் அடைவைத்திருந்த முட்டைகளை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். அதில் ஒன்றே ஒன்று பொரிந்தது. பென்சில் தடிமன் இருந்த அதற்கு டெஸ்லி கர்னல் என்று பெயர் வைத்தாள். கர்னல் எதையும் தின்னவில்லை. தின்னாத குட்டியை வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. மெர்வ் கைபட்டு மிச்சமிருக்கும் கடைசி உயிர் தன் வீட்டில் பட்டினி கிடக்கிறதே என்பதுதான் அவளை அரித்தது.

4

மெர்வின் நண்பன் நெவில் சனிக்கிழமைதோறும் வந்தான். வெந்நீரில் போட்டு உருகவைத்த எலியை நீளமான இடுக்கியில் பிடித்து, கண்ணாடித் தொட்டிக்குள் ஆட்டினான். கர்னல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. காட்டில் குட்டிப் பாம்பு முதலில் பல்லியைத்தான் தின்னும், எலிமேல் பல்லி வாசம் ஏற்றினால் ஏமாந்துவிடும் என்றான். அதற்காக அந்தத் தொப்பைக்கார மனிதன் பார்பிக்யூ அடுப்புக்குப் பின்னால் மண்டியிட்டுப் பல்லி பிடித்து, அதன் முதுகில் எலியைத் தேய்த்தான். (நம் தலையில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது. பல்லியின் தலையில் எலி விழுந்தால்? தேடிவிட்டேன், இல்லை.) பல்லி வாலை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடியது.

சேதி பரவித் தெருவே வந்தது, தட்டுகளோடுதான். தொட்டிக்கு முன்னால் மடக்கு நாற்காலிகள் போட்டு, பீரும் கையுமாக உட்கார்ந்தார்கள். கர்னல் ஒருமுறை நாக்கை நீட்டியதற்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

"அடுத்த சனிக்கெழம வரைக்கும் பாப்போம் டெஸ்," என்றான் நெவில். "இல்லன்னா வாயத் தொறந்து நாமளே உள்ள தள்ளிர வேண்டியதுதான்."

"தள்ளுனா?"

"பாதி பொழைக்கும்."

"இருக்கறதே ஒண்ணுதான்டா. அதுல என்ன பாதி?"

5

நெவிலைக் கதையிலிருந்து நீக்கிவிடலாமா என்று யோசித்தேன், கோமாளியாகிக்கொண்டிருந்தான். ஆனால் அவனும் நண்பனை இழந்தவன். சனிக்கிழமைகளில் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. இருக்கட்டும்.

முடிவு, ஒன்று: கர்னல் விழுங்குகிறது, எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும்.

முடிவு, இரண்டு: கர்னல் நெவிலின் விரலை

முடிவு, மூன்று: மாமரத்தடியில் ஒரு சின்னக் குழி என்று தொடங்கியது. கிழித்துப்போட்டேன்.

6

அந்தச் சனிக்கிழமை நெவில் கையைக் கழுவிவிட்டு வந்தான். தொட்டியின் மூடியைத் திறக்கப் போனான். அதற்குள் எதிர்வீட்டுக்காரி டெஸ்லியின் மடியில் ஒரு தட்டை வைத்து, "நீயும் ஒரு வாய் சாப்பிடு தங்கம், துரும்பா எளச்சிட்டே" என்றாள். டெஸ்லி முள்கரண்டியைத் தூக்கினாள். தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். கரண்டி பாதி வழியில் நின்றது.

"இப்படி வாயவே பாத்துக்கிட்டிருந்தா எனக்கே எறங்கல," என்றாள். "அது எப்படிடா திங்கும்?"

(விதவையையும் பாம்பையும் இணைவைத்துவிட்டான் என்று விமர்சகர்கள் சொல்வார்கள். நான் வைக்கவில்லை. அவளே வைத்தாள்.)

எல்லோரையும் நாற்காலியோடு வெளியே அனுப்பினாள். எலியைத் தொட்டிக்குள் வைத்து, மெர்வின் கடற்கரைத் துண்டால் தொட்டியை மூடினாள். தன் தட்டோடு சமையலறைக்குப் போனவள், கதவைச் சாத்தும்போது என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஒனக்குத் தனியாச் சொல்லணுமா? கெளம்பு. நீ எழுதுனா, படிக்கிறவங்க வேற வந்து எட்டிப் பாப்பாங்க."

7

ஆகவே நெவிலோடு புல்தரையில் நிற்கிறேன். துண்டுக்கு அடியில் என்ன நடக்கிறதோ, அவள் தட்டு காலியாகிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதமாட்டேன். தெருவில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்னும் போகாமல் நிற்பது நீங்கள் ஒருவர்தான்.

கர்னலுக்குப் பசிக்கிறது. தயவுசெய்து பக்கத்தை மூடுங்கள்.