மஞ்சணத்தி வண்டி

புது வண்டிக்கு அளவெடுப்பதற்காகத்தான் செண்பகராஜ் பரணிலிருந்து அந்தப் பழைய நடைவண்டியை இறக்கினான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அப்பா செய்தது. அவன் தங்கை முத்துசெல்வி நடை பழகிய வண்டி. ஒரு சக்கரத்தைக் காணோம். எப்போதோ கோழி அடைந்த எச்சம் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. துடைத்துவிட்டு டேப்பை விரித்தவன், கைப்பிடிக்கு வந்ததும் நின்றுவிட்டான். வண்டியெங்கும் பச்சைப் பெயிண்ட் திட்டுத்திட்டாக இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடியின் நடுவில் மட்டும், நாலு விரல் அகலத்துக்கு, பொட்டுப் பச்சை கிடையாது. அந்த இடத்தில் பல் பட்டுக் கட்டை குழிந்திருந்தது.

அவனுக்குத் தெரியாத இடமில்லை அது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அதைக் காட்டாமல் விடமாட்டாள். "எம் மவ பச்சையப் பூராவும் தின்னுபுட்டா, பாருங்க" என்பாள், மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிவந்ததைப்போல. வந்தவர்கள் சிரிப்பார்கள். ஆறு வயதுச் செண்பகராஜும் கூடச் சேர்ந்து சிரிப்பான். இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அந்தச் சிரிப்பு மட்டும் காதில் கேட்டது. கூடவே, அந்தப் பச்சை எல்லாம் எங்கே போயிற்று என்று முதல்தடவையாக ஒரு யோசனையும் வந்தது.

முத்துசெல்வியை எப்போதும்வென்றான் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்து ஐந்து வருஷம் கழித்துப் பிறந்தவள் கிருஷ்ணப்ரியா. பத்து மாதம் ஆகிறது. அடுத்த மாதம் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்தி, மாமன் சீரை ஊர் பார்க்க வரிசையாக வைப்பார்கள். அதில் நடைவண்டி கட்டாயம் உண்டு. போன வாரம் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து முத்துசெல்வி பேசினாள். "அண்ணே, நல்லா கலரு கலரா செய்யி. எங்க அத்தை சொல்லிக்காட்டாத மாதிரி இருக்கணும்." அவள் மாமியார் ஆறுமுகத்தாய் எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. தீபாவளிக்குக் கொண்டுபோன சேலையில் கரை சிறுத்துப்போனதை ஆடி மாதம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவள்.

செண்பகராஜ் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் தச்சன். குச்சி அடுக்குகிற சட்டங்கள் செய்வதும், உடைந்ததைச் சரிபண்ணுவதும் வேலை. நடைவண்டி செய்வது அவனுக்குப் பெரிய காரியமில்லை. கரிசல்காட்டு வரப்பில் நின்ற மஞ்சணத்தியை அறுத்து வைத்திருந்தான். கனமில்லாத மரம், பிள்ளை தள்ளுவதற்குத் தோது. நாலு நாளில் வண்டி உருவாகிவிட்டது. வர்ணத்தில்தான் வந்து முட்டியது. போன தடவை போனபோது அந்தப் பிள்ளை அவன் சட்டைப் பொத்தானைக் கடித்தது, கட்டில் காலைக் கடித்தது, கடைசியில் அவன் மூக்கையே கடித்தது. முன்பல் இரண்டுதான் முளைத்திருந்தது. இரண்டும் சும்மா இருப்பதில்லை.

பெயிண்ட் கடை கிறிஸ்துராஜ், செண்பகராஜ் டப்பா டப்பாவாகத் திறந்து மோந்து பார்ப்பதைக் கொஞ்சநேரம் வேடிக்கை பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, சாம்பாரு வாளியவா மோந்து பாக்குதீங்க?"

"பிள்ளை வாயில வச்சா ஒண்ணும் செய்யாதது எது அண்ணாச்சி?"

கிறிஸ்துராஜ் சிரிப்பை நிறுத்தினார். கம்பெனி ஏஜெண்ட் ஒருதடவை சொன்னதாகச் சொன்னார். "மஞ்சளும் பச்சையும் இம்புட்டுப் பளபளன்னு நிக்கதே அதுல ஈயம் கிடக்கதாலதானாம். சின்னப் பிள்ளைக உடம்புல அது சேரக்கூடாதாம். ஈயம் இல்லாதது எங்கிட்ட கிடையாது. கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்."

வெறுங்கையோடு திரும்பினான். வீட்டில் கடலை எண்ணெயைத் தடவிப் பார்த்தான். மறுநாள் காலையில் வண்டியைச் சுற்றி எறும்பு திருவிழாக் கொண்டாடியது.

ஆபீசில் மருந்து கலக்குகிற பெருமாள்சாமிதான் அடுத்த யோசனை சொன்னார். "இதுக்கா மண்டையப் போட்டு ஒடைக்க? நம்ம சிவப்புச் சாயம் இருக்குல்லா. எத்தன வருசமா கையில அப்பிக்கிட்டுத் திரியுதோம். செத்தா போயிட்டோம்?" தீக்குச்சித் தலைக்குப் போடுகிற சாயப்பொடியில் ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார். செண்பகராஜுக்கும் அது சரி என்றுதான் பட்டது. வேறு ஊர்க்காரனுக்கு அப்படித் தோன்றியிருக்காது. அந்தப் பொடிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது வீட்டுச் சாமான் மாதிரி. பொடியை வஜ்ஜிரப் பசையில் குழைத்துப் பூசினான். வண்டி செக்கச்செவேலென்று கண்ணைப் பறித்தது.

காய்ந்த பிறகு, பிள்ளையின் வாயை நினைத்துக்கொண்டு, விரலை எச்சிலில் நனைத்துக் கைப்பிடியில் தேய்த்தான். விரல் சிவந்தது. நாக்கில் வைத்தான். கசந்தது.

அந்தக் கசப்பு அவனை அப்படியே பழைய நாளில் கொண்டுபோய் உட்காரவைத்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அவனும் முத்துசெல்வியும் அம்மாவோடு ஆபீசில் உட்கார்ந்து பெட்டியில் குச்சி அடைப்பார்கள். குச்சித் தலையின் சிவப்பு விரலில் ஏறிவிடும், சோப்புக்குப் போகாது. தூக்குச்சட்டியில் அம்மா பிசைந்து வைத்த தயிர்ச்சோற்றை மூன்று பேரும் ஒரே சட்டியில் அள்ளித் தின்பார்கள். கை கழுவாத முத்துசெல்வி பக்கத்துச் சோறு மட்டும் ரோஸ் நிறமாக இருக்கும். "இங்கன பாருண்ணே, என் சோறு பூப் பூத்திருக்கு" என்பாள். அவன் தன் வெள்ளைச் சோற்றைக் கொடுத்து அதை மாற்றிக் கேட்பான். அதைவிட ருசியான சோற்றை அவன் பிறகு எங்கேயும் தின்றதில்லை. அந்த ஆசையை நினைத்துக் கண் நிறைந்தது. அதே ருசியை இந்தப் பிள்ளைக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தான். ஒரு பகல் பிடித்தது. சிவப்புப் போகப் போக அடியிலிருந்து மஞ்சணத்தியின் சொந்த மஞ்சள் எழுந்து வந்தது. குருமலைப் பக்கம் ஆடு மேய்க்கிற நந்தகோபால் கொண்டுவந்து தந்த தேனடையை உருக்கி வடித்து, மெழுகில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு இளக்கி, துணியால் தேய்த்தான். மஞ்சள் இன்னும் ஆழமாயிற்று. மோந்து பார்த்தான். லேசாகத் தேன் வாசம். வேறொன்றும் இல்லை.

காதுகுத்தன்று சீர்த்தட்டுகளுக்கு நடுவில் வண்டி நின்றது. ஆறுமுகத்தாய்க்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

"என்ன தம்பி, மாமன் சீருங்கீங்க, வர்ணம் பூசக்கூட நேரம் கிடைக்கலயாக்கும்? வெறுங்கட்டையால்லா நிக்கி."

நாலு பெண்கள் சிரித்தார்கள். முத்துசெல்வி முகம் கறுத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். செண்பகராஜுக்குப் பதில் வாய் வரை வந்தது. ஆனால் நல்ல காரியத்தில், பிள்ளை பேரோடு சேர்த்து, விஷம் என்கிற மாதிரி ஒரு சொல்லை அந்தப் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். முழுங்கிவிட்டான். முன்னாலேயே தங்கையிடம் போனில் சொல்லியிருக்கலாம்தான். பக்கத்து வீட்டார் எல்லோரும் கேட்க என்னத்தைச் சொல்ல?

காது குத்தியதும் பிள்ளை அலறியது. யார் தூக்கியும் அடங்கவில்லை. அவன் வண்டியைப் பக்கத்தில் இழுத்து, பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்தினான். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தேம்பியது. பிறகு குனிந்து வாயை வைத்தது. அழுகை நின்றது.

"ஏட்டி, வாயில வைக்காத!" முத்துசெல்வி ஓடிவந்தாள்.

"விடு செல்வி, கடிக்கட்டும்" என்றான் மெதுவாக. "நம்ம பச்சை வண்டியப் பரண்லருந்து எறக்குனேன். கைப்பிடியில நீ தின்ன எடம் அப்படியே இருக்கு."

"அம்மா எல்லாருக்கும் காட்டுவாவளே, அந்த எடமா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவன் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் பாதியில் நின்றது. அண்ணனைப் பார்த்தாள், பிள்ளையின் வாயைப் பார்த்தாள். பிறகு கைப்பிடியில் பெருவிரலை வைத்துத் தேய்த்து மோந்து பார்த்தாள். பெயிண்ட் வாடை இல்லை, தேன் வாசம். அந்த விரலை வெகுநேரம் மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

"ஏம்மா, உங்க அண்ணன் பதிலே சொல்லலயே" என்றாள் ஆறுமுகத்தாய்.

முத்துசெல்வி நிமிர்ந்தாள். "நாந்தான் அத்தை வர்ணம் வேண்டாம்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அண்ணன் பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை மூச்சு வாங்க ஒருதரம் வாயை எடுத்தது. மஞ்சள் கைப்பிடியில் எச்சில் வெயிலுக்கு மினுங்கியது. அதற்குள்ளே, அரிசி அளவில், இரண்டு பல் தடம்.