எட்மண்ட் வீட்டைத் தூக்கிய புகை

காரிலிருந்து கசிந்த புகையால் தரையை விட்டு எழும்பிய வீடு உலகத்திலேயே ஒன்றுதான், அது முடிச்சூரில் இருக்கிறது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற எட்மண்ட், ஏலத்தில் எடுத்த பழைய ஜப்பான் காரை வீட்டோடு ஒட்டிக் கட்டிய ஷெட்டில் நிறுத்தியிருந்தார். இரண்டு கதவு, சிவப்பு நிறம், டர்போ வைத்த பந்தயச் சாதி. எஞ்சின் விடும் புகை டர்போவைச் சுழற்றினால்தான் அதற்கு வேகம். எஞ்சினுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவிலிருந்த பேக்கிங் தீய்ந்துபோனதில், புகையில் பாதி பக்கவாட்டில் கசிந்தது. வண்டி பெருங்களத்தூர் பாலம் ஏறத் திணறியது. அதன் பலமெல்லாம் ஷெட்டுத் தரையின் வெடிப்பு வழியாக அஸ்திவாரத்துக்குள் புகுந்து, எட்மண்ட் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வீட்டை ஓர் அரிசி மணியளவு தூக்கியது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. ரோடு போடப் போட வீடுகள் பள்ளத்தில் இறங்கும் பகுதி அது. ஒரு வீடு ரோட்டுக்குச் சமமாக இருந்தாலே அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். பிறகு படி கட்ட வேண்டி வந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சுண்ணாம்பு அடிக்கிறார்களோ இல்லையோ, படி கூட்டினார்கள். காரைக் கீழே இறக்க வழியில்லாமல் போனது. சிலிண்டர்காரர் கீழேயே வைத்துவிட்டுப் போனார். மொட்டைமாடியில் நின்றால் மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் தெரிந்தது என்பார்கள். அது கொஞ்சம் அதிகம், கோவளம் வரைதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு சாம்பசிவன், ரிட்டயரான ஓவர்சியர், எதையும் நம்பவில்லை. “யாருக்கும் தெரியாம ஜாக்கி வெச்சுத் தூக்கிட்டு, புகையாம் புகை! யார் காதுல பூ சுத்துறான்?” என்பார். அடியில் குனிந்து பாருங்களேன் என்றால், பாம்பு இருக்கும் என்று மறுத்துவிடுவார்.

எட்மண்டின் மனைவி சரோஜினிக்கோ முழங்கால் தேய்ந்தது. பாதிப் படியில் உட்கார்ந்து காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மேலே போவதா கீழே போவதா என்று தெரியாமல் தெருவைப் பார்ப்பாள். சர்ச்சுக்குப் போய்ச் சேரும்போது பிரசங்கம் முடிந்திருக்கும். ஒரு நாள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள்.

“என்னங்க, பேக்கிங்கை மாத்துங்க. இல்ல, நான் ஊரப்பாக்கத்துல ஜான்சி வீட்டோட போயிடறேன். என் தங்கச்சி வீட்டுல ஒரு படி கிடையாது.”

எட்மண்ட் படப்பையிலிருந்து மெக்கானிக் பொன்னுரங்கத்தைக் கூட்டிவந்தார். அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “இன்னா சார் இது, நட்டெல்லாம் துருவோட குடும்பம் நடத்திகினு கீது!” எண்ணெய் ஊற்றினார், சூடு காட்டினார், கெஞ்சினார். ஒரு வாரம் போனது. கம்பெனி பேக்கிங் எங்கும் கிடைக்காததால், ஒரு மெல்லிய தகட்டைக் குழாயின் வாயில் வைத்து, விளிம்பு பதியச் சுற்றிலும் சுத்தியலால் தட்டி, வெட்டி எடுத்து மாட்டினார். ஸ்டார்ட் செய்ததும் டர்போ விசிலடித்தது. வீடு, நெடுநேரம் பஸ்ஸில் நின்றவருக்கு சீட் கிடைத்ததுபோல, முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்தது. படிகள் மட்டும் ஆகாயத்தைப் பார்த்து நின்றன. சரோஜினி அன்று மாலை முழுக்கக் காரணமில்லாமல் வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்தாள்.

“சூடாயி ஆறினா நட்டு லூஸாவும் சார். நாளைக்கி வந்து இன்னொரு தபா முறுக்கிடறேன்” என்று ஸ்பேனரை பானெட் மேலேயே வைத்துவிட்டுப் போனார் பொன்னுரங்கம்.

அவர் வரவில்லை, மழை வந்தது. மேகத்துக்கும் மழைக்கும் இடைவெளியே தெரியாத மழை. அடையாறு கரையை மறந்தது. சாம்பசிவன் வீட்டு ஹாலில் நாற்காலிகள் மிதந்தன. எட்மண்ட் வீட்டு வாசற்படியைத் தண்ணீர் நக்கியது. எட்மண்ட் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி, மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நின்றார். சரோஜினி தண்ணீரைப் பார்த்தாள். இன்னும் பிரிக்காத பெட்டியைப் பார்த்தாள். பிறகு தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

“குடுங்க இப்படி. நீங்க பண்ணா முறுக்கித் தொலைச்சிடுவீங்க.”

அவளே குனிந்து, புகை மறுபடி கசியும்படி நட்டுகளை எதிர்ப்பக்கம் திருப்பினாள். எட்மண்ட் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பல வருடத்து உயரத்தை வீடு ஒரே காலையில் ஏறி, பழைய படிகளோடு வந்து பொருந்திக்கொண்டது.

சாம்பசிவன் மார்பளவுத் தண்ணீரில் குடையோடு வந்தார். நேராகப் படியேறவில்லை. வீட்டுக்கு அடியில் புகுந்து, பாம்பையும் மறந்து, குடைக்கம்பியால் மூலைக்கு மூலை துழாவினார். பிறகுதான் மேலே வந்தார். சரோஜினி துண்டும் காபியும் கொடுத்தாள்.

“கீழே என்னண்ணா தேடினீங்க?”

“ஜாக்கி.”

“இருந்துச்சா?”

சாம்பசிவன் காபியை ஒரு வாய் குடித்தார். தண்ணீரில் போய்க்கொண்டிருந்த தன் வீட்டு நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இல்லைம்மா,” என்றார். “புகைதான்.”