சாட்சி இல்லாத கல்

எங்கள் ஊரான எர்லன்ரீட்டில் எல்லைக்கல்லைத் தொடும் உரிமை ஏழு பேருக்கு மட்டுமே உண்டு. கல்லை நடும்போது அதன் அடியில் அவர்கள் சில பொருள்களைப் புதைப்பார்கள். அதற்குச் சாட்சி என்று பெயர். என்ன பொருள், எத்தனை, எந்த வரிசை என்பது அந்த ஏழு பேருக்குள் வாய்மொழியாக மட்டும் போகும். கட்டிய மனைவியிடம் சொல்லக்கூடாது. பாதிரியாரிடம் பாவமன்னிப்பு கேட்கும்போதும் சொல்லக்கூடாது. நானும் இங்கே எழுதப்போவதில்லை. யாராவது கல்லைத் திருட்டுத்தனமாக நகர்த்தினால் கல்தான் போகும், சாட்சி பழைய இடத்திலேயே கிடக்கும்.

சென்ற வசந்தத்தில் நான் கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன். எழுவரில் நான்தான் முதல் பெண். மண்ணியல் படித்தவள் என்பதற்காக என்னைச் சேர்க்கவில்லை. ஊரில் குனியக்கூடிய முதுகுகள் குறைந்துவிட்டன.

ஓடைக்கு இந்தப் பக்கம் களிமண், வீடுகள், மாதா கோயில். அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் சரிவு. சரிவின் மேலே, காடு தொடங்கும் இடத்தில், யூதர்களின் கல்லறைத் தோட்டம். ஒருகாலத்தில் ஊரில் பதினோரு யூதக் குடும்பங்கள் இருந்தன. கடைசியாக எஞ்சியிருந்தவர்களை 1942 ஏப்ரலில் வதைமுகாமுக்கு ரயில் ஏற்றினார்கள். யாரும் திரும்பவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு மூன்று பக்கம் சுவர். நான்காவது பக்கம் முள்வேலி. வேலிக்கு அடுத்த வயல் எங்களுடையது.

அக்டோபரில் அப்பா அந்த வயலின் மேல்மூலையில் இயந்திரக் கொட்டகை கட்ட விண்ணப்பம் கொடுத்தார். நகரத்தில் வேலை பார்க்கும் தம்பி, கொட்டகை வந்தால் பண்ணைக்குத் திரும்புவதாகச் சொல்லியிருந்தான். அவன் வராவிட்டால் அப்பாவோடு பண்ணை முடிந்துவிடும். எல்லை உறுதியானால்தான் அனுமதி. ஆனால் அந்த மூலையைக் காட்டும் பழைய வரைபடத் தாள், 1945இல் குண்டுவீச்சில் நகரம் எரிந்தபோது அதோடு எரிந்துபோனது. அதனால் சர்வேயர் எழுவரைக் கூப்பிட்டார். எழுவர் என்ன சொல்கிறார்களோ அதுதான் பதிவாகும்.

அன்று காலை வந்தது என்னோடு சேர்த்து மூன்று பேர். மற்றவர்கள் திராட்சை அறுவடையில் இருந்தார்கள். தலைவர் ஆல்பன் ஊன்றுகோலோடு வந்தார். கிலியானின் வலது கை தூளியில் தொங்கியது.

"செர்ரி மரம் என்னத் தள்ளிவிட்டுருச்சு" என்றார் கிலியான்.

"மரமா தள்ளுச்சு? பிளம் சாராயம் தள்ளுச்சு" என்றார் ஆல்பன். பிறகு என்னைப் பார்த்தார். "இவ அப்பன் நிலம். இவ தோண்டக்கூடாது."

"பின்ன யாரு தோண்டுறது? உன் முட்டியா, என் கையா?"

ஆல்பன் யோசித்தார். "சரி. ஆனா நாம ரெண்டு பேரும் இவ கையையே பாத்துக்கிட்டு நிக்கணும்."

வழக்கப்படி அப்பாவும் சர்வேயரும் இருபது தப்படி தள்ளிப்போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்கள். நான் மண்டியிட்டுக் கல்லைச் சுற்றித் தோண்டினேன். கடப்பாரையால் நெம்பிக் கல்லைச் சாய்த்தேன். அடியில் கையால் துழாவினேன்.

வெறும் மண். ஓர் அடி ஆழம் போனேன். அதற்கும் கீழே யாரும் தொடாத மண். இந்த இடத்தில் எழுவர் எப்போதும் கல் நட்டதில்லை.

நிமிர்ந்தபோது ஆல்பன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புக் கம்பியை எடுத்து நீட்டினார்.

கம்பியை மண்ணில் குத்திக்கொண்டே எங்கள் வயலுக்குள் நடந்தேன். ஒருமுறை தோண்டி மூடிய மண் நூறு வருடமானாலும் இறுகுவதில்லை. ஒவ்வொரு அரைத் தப்படிக்கும் கம்பி சுண்ணாம்புச் சில்லில் தட்டி நின்றது. ஓரிடத்தில் மட்டும் தயிருக்குள் போவதுபோல் இறங்கியது. அங்கே தோண்டினேன். முழங்கை ஆழத்தில் சாட்சி இருந்தது. ஒவ்வொன்றும் எனக்குச் சொல்லப்பட்ட முறையிலேயே இருந்தது.

கல்லுக்கும் குழிக்கும் ஏழரை மீட்டர். எல்லையின் கீழ்முனையில் உள்ள கல் சுவரோடு சேர்ந்தது, அது அசையவில்லை. மேல்முனையில் இருந்த இந்தக் கல்லை மட்டும் தூக்கி நட்டிருக்கிறார்கள். நடுவே ஒரு முக்கோணத் துண்டு நிலம். கொட்டகை வரவேண்டிய இடம் அதுதான்.

அந்த மூலையில் அப்பா உழுவதில்லை. ஈரம் என்பார். சுண்ணாம்புக்கல் சரிவில் ஈரம் நிற்காது. நான் அதைத்தான் ஐந்து வருடம் படித்தேன். அப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

கிலியான் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "மூடிரு பொண்ணு. கல்லு இப்ப இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். இத்தன வருஷமா யாரு வந்து கேட்டா?"

"கேக்க ஆளே இல்லையே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

இருவரும் ஒன்றையேதான் சொன்னோம். யாராவது கேட்டால்தான் எழுவர் தோண்டலாம். எல்லை என்றால் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும், சந்தேகம் வந்தால் ஒருவராவது கேட்பார் என்று நம்பிச் செய்த விதி அது. ஒரு பக்கம் முழுவதும் போய்விட்டால் என்ன செய்வது என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"தோண்டினவதான் சொல்லணும்" என்றார் ஆல்பன். "நான் சொல்ல முடியாது. நீ எதச் சொன்னாலும் அதுக்குக் கீழ என் கையெழுத்து வரும். யோசிச்சுச் சொல்லு."

அப்பாவின் முதுகைப் பார்த்தேன். காற்று இல்லை, ஆனாலும் காலரைத் தூக்கிவிட்டிருந்தார். தம்பி தொலைபேசியில் சிரித்தது நினைவுக்கு வந்தது. காலடியில் இருந்த முக்கோணத்தையும் பார்த்தேன். அங்கே புல் மற்ற இடங்களைப் போலத்தான் இருந்தது.

வகுப்பில் என் குரல் இரண்டாம் வரிசையைத் தாண்டியதில்லை. அன்று இருபது தப்படி போக வேண்டியிருந்தது.

"கல்லுக்குக் கீழ சாட்சி இல்ல" என்றேன். "இங்க இருக்கு."

சர்வேயர் உடனே திரும்ப முயன்றார். "இருங்க, இருங்க, மூடட்டும்" என்று ஆல்பன் அதட்டினார். நான் மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஒரு முளைக்குச்சியை அடித்தேன்.

அப்பா எல்லோருக்கும் கடைசியாகத் திரும்பினார். குச்சியைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"ஏழரை மீட்டர்."

"அப்ப கொட்டகை?"

"இங்க வராதுப்பா."

தலையாட்டினார். சட்டைப் பையில் இருந்த கொட்டகை வரைபடத்தை எடுத்து, மடித்த மடிப்பிலேயே இன்னொரு முறை மடித்து உள்ளே வைத்தார். "தம்பிகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீயா? போன்ல நீ பேசுனா மூச்சு மட்டுந்தான் கேக்கும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

சர்வேயர் கருவியைக் குச்சியின் பக்கம் நகர்த்தி எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார். அப்பா அந்த முக்கோணத்தின் ஓரத்தில் நின்றார். உள்ளே காலை வைக்கவில்லை.

"எனக்கு அப்ப இருபது வயசு" என்றார். "முதமுதலா தனியா உழவு ஓட்டுறேன். கலப்பைல கல்லு மாட்டுச்சு. காட்டுக் கல்லு இல்ல, செதுக்கின கல்லு. எங்கப்பா வந்து பாத்தார். போய் வண்டியக் கொண்டுவாடான்னார்."

"நீங்க கேக்கலையா?"

"கேக்கல. அதுக்கப்புறம் இங்க ஏரே பூட்டல."

"பின்ன எதுக்குக் கொட்டகைக்கு இந்த எடம்?"

"பையன் வரேன்னான்." சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "உழுதாத்தான வெளிய வரும், மேல காங்கிரீட் போட்டா எதுவும் வராதுன்னு நெனச்சேன்."

சர்வேயர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஆல்பன் இரண்டு கையாலும் ஊன்றுகோலைப் பிடித்திருந்தார்.

"அந்தக் கல்லு எங்க இருக்குப்பா?"

"பழைய பன்னிக்கொட்டில்ல. வாசப்படி. எழுத்து கீழ்ப்பக்கம் இருக்கும்."

சின்ன வயதில் அந்தப் படியில் உட்கார்ந்து நான் வாத்துகளுக்கு ரொட்டி போட்டிருக்கிறேன்.

"ஒரு கல்லா?"

"மூணு."

கிலியான்தான் முதலில் பேசினார். "என் வண்டியில சங்கிலி இருக்கு."

"ஒத்தக் கைய வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ?" என்றார் ஆல்பன்.

"வண்டி ஓட்டுவேன். வாயக் குறைச்சுட்டு ஏறு."

ஓடையைத் தாண்டி வீட்டுக்கு வந்தோம். முதல் படியின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியது அப்பா. நான் சங்கிலியைக் கோர்த்தேன். கல் மெதுவாக எழுந்து, திரும்பி, மல்லாந்து விழுந்தது. அடிப்பக்கத்தில் ஈர மண்ணும் வெள்ளை வேர்களும் ஒட்டியிருந்தன. அப்பா முழங்காலிட்டுக் கையாலேயே துடைத்தார். வலமிருந்து இடமாக யூதர்களின் எழுத்தில் ஐந்து வரிகள், உளி போன ஆழம் குறையாமல் இருந்தன.

அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை.