மாமியார் பேரில் இருந்த வீடு

பகல் ஷிப்ட் முடிந்து வந்தவள் சாவியைப் பூட்டில் நுழைத்தாள். திரும்பவில்லை. அழுத்திப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள். அப்புறம்தான் பூட்டு புதிது என்று உறைத்தது. உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டியதும் அதன் சத்தம் குறைந்தது.

"யாரு?" என்றான் கணவன், யாரென்று தெரிந்துகொண்டே.

"நான்தான். கதவைத் திறங்க."

"உங்கண்ணன் கார் சாவியோட வரட்டும், திறக்கறேன்."

மாமியார் இருமுவது கேட்டது. டி.வி. சத்தம் மறுபடி கூடியது.

கல்யாணமான நாளிலிருந்து அந்த இல்லாத கார்தான் அந்த வீட்டில் எல்லாருக்கும் முன்னால் சாப்பிட உட்கார்ந்தது. டைல்ஸ் கடையில் விற்பனையாளனாக இருந்த கணவன் சொந்தத் தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னான். அதற்குக் கார் வேண்டும், வரதட்சணை பேசும்போதே கேட்காமல் ஏமாந்துவிட்டோம் என்றான். முதலில் குத்தல் பேச்சு. பிறகு போனில் குரல் பதிவு அனுப்பி மிரட்டல். போன மாதம் அவள் கையைப் பிடித்து முறுக்கினான். அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க மற்றவர்களை அசையாமல் இருக்கச் சொல்கிறவளுக்கு, அந்த வாரம் தன் கையை அசைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

அண்ணன் வீட்டுக்குப் போனாள். உட்காரச் சொன்னார்கள். அவளோ ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"லோன் போட்டாவது வாங்கிக் குடுத்துடறேம்மா. உன் வாழ்க்கையை விடவா காரு பெரிசு?" என்றான் அண்ணன்.

பள்ளி வேன் ஓட்டும் அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "நல்லா வாங்கிக் குடுங்க. அப்புறம் அதை நிறுத்த ஷெட்டு கேப்பான். பெட்ரோல் போட உங்களைத்தான் கூப்பிடுவான்." பிறகு அவள் பக்கம் திரும்பினாள். "நாளைக்குப் பிள்ளைங்களை இறக்கிவிட்டுட்டு வர்றேன். நாம ஒரு இடத்துக்குப் போறோம்."

அது பெண்கள் பாதுகாப்பு அலுவலரின் அலுவலகம். சளி பிடித்திருந்த அந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அங்கேயும் அவள் உட்காராமல் நடந்துகொண்டேதான் சொன்னாள்.

"வீடு யார் பேர்ல?"

"மாமியார் பேர்ல. அதான் நான் ஒண்ணும் பேச முடியாதுன்னு…"

"யாரு சொன்னது? நீ அங்க குடித்தனம் பண்ணினவ. கோர்ட் சொல்லாம உன்னை வெளிய தள்ள அவங்களுக்கு உரிமை கிடையாது."

அவள் நடையை நிறுத்திவிட்டு, முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வரதட்சணை கேட்டதுக்கும் கையை முறுக்கினதுக்கும் போலீஸ்ல புகார் குடுக்கலாம். அது தனி. அவன் உன்னை நெருங்கக் கூடாது, வீட்டை விட்டு விரட்டக் கூடாது, நகையைத் திருப்பித் தரணும்னு கோர்ட்ல கேக்கலாம். இது தனி. எது முதல்ல வேணும்னு நீதான் சொல்லணும்."

"வீட்டுக்குள்ள போகணும்," என்றாள் சட்டென்று.

"ஏண்டி, அந்த நரகத்துக்கா?" என்றாள் அண்ணி.

"தப்பு பண்ணினவங்க உள்ள உக்காந்து டி.வி. பாக்கறாங்க. நான் எதுக்கண்ணி தெருவுல நிக்கணும்?"

அலுவலர் தும்மிவிட்டு, "போன்ல மிரட்டினானே, அதையெல்லாம் அழிச்சிடாத," என்றார்.

அலுவலர் மூலம் கோர்ட்டில் மனு போட்டாள். வாய்தாக்கள் நகர்ந்தன. ஒவ்வொரு முறையும் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். மனைவி கோபித்துக்கொண்டு தானாகவே போய்விட்டாள் என்றார் கணவனின் வக்கீல். நீதிபதி அந்தப் போன் பதிவைக் கேட்டார். கார் வராமல் அவள் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று கணவனின் குரலே சொன்னது. வக்கீல் குனிந்து காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

இடைக்கால உத்தரவு கிடைத்தது. அலுவலரும் ஒரு பெண் போலீசும் கூட வர, அவள் அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். மாமியார் ஒதுங்கி வழிவிட்டார். கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

யாரும் அவளோடு பேசவில்லை. அவள் சமையலறைக்குள் போனால் மற்றவர்கள் வெளியேறினார்கள். தூங்கும்போது கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலி போட்டாள். அப்படியும் தூக்கம் வரவில்லை. செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்தாள்.

ஒரு காலை கணவன் வழிமறித்தான். "கோர்ட்டு உத்தரவைக் காட்டிக் குடும்பம் நடத்திடுவியா?"

"குடும்பம் எப்பவோ முடிஞ்சு போச்சு. வழியை விடுங்க, எனக்கு டூட்டி இருக்கு."

அவன் கை ஓங்கினான். "டேய், அவ உன்னை ஜெயிலுக்குள்ள தள்ளிடுவாடா," என்று மாமியார் பதறினார். கை கீழே இறங்கியது. மாமியார் பயந்தது யாருக்காக என்று அவளுக்குப் புரிந்தது.

அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு அலுவலரிடம் போனாள். "என்னால அங்க இருக்க முடியல, மேடம். இவ்வளவு சண்டை போட்டுட்டு வெளிய வந்தா தோத்துட்டதா ஆகுமா?"

"உன்னை யாரும் விரட்டல. நீயே வேற இடம் கேக்கற. வாடகையை அவன் குடுக்கணும்னு கேப்போம், சட்டத்துல இடமிருக்கு."

நீதிமன்றம் அதையும் ஏற்றது. வேனில் அண்ணி அவள் துணிமணிகளை ஏற்றினாள். மாமியார் நகைப்பெட்டியை வாசலிலேயே கொடுத்தார். அண்ணி அங்கேயே திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். மாமியாரை அவ்வளவு நேரமும் நிற்க வைத்தாள்.

மருத்துவமனைக்கு அருகே மாடியில் ஓர் அறை. கட்டில் இன்னும் வரவில்லை, தரையில் படுத்தாள். போலீஸ் வழக்கு நடந்துகொண்டிருந்தது, அடுத்த வாய்தாவுக்கு லீவு சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் எதையோ இழுத்துப் போட்டார்கள். திடுக்கிட்டு எழுந்தாள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அலமாரியைத் தள்ளிக்கொண்டிருந்த பெண், "சத்தமா இருக்கா? மன்னிச்சுக்குங்க," என்றாள்.

"பரவாயில்ல," என்றவள், ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி படுத்தாள்.