இன்னும் கொஞ்சம் பிடிச்சுக் குடு

தையல்காரம்மாவுக்கு அன்றைக்கும் தலைக்கு மேல் வேலை. மெஷினின் இரண்டு பக்கமும் பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்தன. பயிற்சி முடிந்து வந்த மகள், தன் ஓட்டக் கால்சட்டையை அவள் மடியில் போட்டாள்.

"அம்மா, இடுப்புல இன்னும் கொஞ்சம் பிடிச்சுக் குடு. நழுவுது."

"மறுபடியுமா? இப்பத்தானேடி பிடிச்சுக் குடுத்தேன்!"

"உடம்பு குறைஞ்சதுல நான் காத்து மாதிரி ஓடுறேன்னு எங்க பி.டி. மாஸ்டரே சொன்னாரும்மா."

அந்த ஒரு சொல்லில் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வளர்கிற பிள்ளைகளின் உடையில் உள்ளே துணியைத் தாராளமாக மடித்துவிட்டுத் தைப்பதுதான் அவள் வழக்கம், பின்னால் பிரித்துத் தளர்த்திவிடலாம். இந்தத் தடவை உள்ளே சேர்ந்த துணி உரசுகிறது என்று மகள் சிணுங்கியதால், அதையும் கத்தரித்து எறிந்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள், தலை நிமிராமல்.

"கிரவுண்டுலயே சாப்பிட்டேன்."

எத்தனையோ நாளாக இதே கேள்வி, இதே பதில். கேட்கிறவளுக்கும் அசதி, சொல்கிறவளுக்கும் அசதி.

அணித் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மகள் மைதானத்தில் சுருண்டு விழுந்தாள். டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"கால் எலும்புல விரிசல். சரியா சாப்பிடாமலே ஓடியிருக்கா. மாதவிலக்கு நின்னு எவ்வளவு நாளாச்சு, உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. மகளின் இடுப்பளவு மட்டும் அவளுக்கு மனப்பாடம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்த பிள்ளை கண்ணெதிரே பட்டினி கிடந்திருக்கிறாள். தானும் அதற்கேற்ப தைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறோம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஓட்டம்தான் கண்ணில் நின்றது.

"வலிக்கு மாத்திரை போட்டுக்கிட்டு இந்த ஒரு தடவை ஓடட்டும்மா. அதுவரைக்கும் எடை மட்டும் ஏறாம பாத்துக்குங்க."

"ஓடுறேம்மா," என்றாள் மகள், கட்டிலிலிருந்தே. "இல்லேன்னா என் இடம் போயிடும்."

அம்மா கால்சட்டையைக் கையில் எடுத்துத் தையலைப் பிரித்துப் பார்த்தாள். தளர்த்திவிட உள்ளே துணியே இல்லை. அவள்தானே வெட்டியது. அதை ஓரமாகப் போட்டுவிட்டு மாஸ்டரைப் பார்த்தாள்.

"உடம்புக்குத் தக்கபடிதான் சார் துணிய வெட்டணும். நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்டத்துக்குத் தக்கபடி புள்ளைய வெட்டிட்டோம். இடம் போனா போகட்டும், இன்னொரு வருஷம் வரும். எலும்ப என்னால தைக்க முடியாது."

மாஸ்டர் எழுந்து போனார். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதாள். பாதி தைத்த சீருடையை மெஷினிலேயே விட்டுவிட்டு, அம்மா ஒரு தட்டில் சாப்பாட்டோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியான்னு இனிமே கேக்க மாட்டேன்டி. நீ சாப்பிடுறப்ப பக்கத்துல உக்காந்திருப்பேன். எவ்வளவு நேரமானாலும் சரி."