சேட்டன் விதி

சங்கர்ராமுக்கு இரண்டு பித்து. ஒன்று ஸுப்ரியா. மற்றது விதி. தலைவிதி இல்லை, அதற்கு முன்னால் மனுஷன் கொஞ்சமாவது அடங்குவான். இது அவனே கம்ப்யூட்டரில் எழுதிய விதி.

கொச்சி மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களின் சபைக்கு ஓர் இணையதளம் இருந்தது. வீட்டுக்கு ஒரு பக்கம்; பெயர், கோத்திரம், யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தார்கள். அத்தனையையும் வாரி, ஆளுக்கொரு புள்ளி, உறவுக்கொரு கோடு என்று ஒரே வலையாக்கப் போவதாகக் கிளம்பினான் சங்கர்ராம். இன்ன உருவம் தட்டுப்பட்டால் இன்னதாக மாற்று என்பதுதான் விதி. 'சேட்டன்' என்று கூப்பிட்டால் அண்ணன். அண்ணன் தங்கைக்கு அப்பா ஒருவர்தான். அப்பாவுக்கு இரண்டு புள்ளி இருந்தால் ஒட்டி ஒன்றாக்கிவிடு. கொச்சியில் பஸ் கண்டக்டர் முதல் கட்டின புருஷன் வரை எல்லாருமே சேட்டன்தான் என்பது, அங்கேயே பிறந்து வளர்ந்த அந்த மேதைக்கு உறைக்கவில்லை.

ஸுப்ரியாவின் அப்பா கல்யாணராமன்தான் சபைத் தலைவர். வலையைச் சபையில் திறந்து காட்டிய கையோடு பெண் கேட்டுவிடுவதென்று சங்கர்ராம் தீர்மானித்திருந்தான். அவன் அம்மா நீலாம்பாள் அதற்காகவே பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "விதி தப்பாது, மாமா. மனுஷாதான் தப்புவா" என்று சொல்லி, மாமாவின் பெயரையே தட்டினான்.

திரை நிறையக் கல்யாணராமன். மனைவியர்: காமாக்ஷி, நீலாம்பாள். மக்கள்: சங்கர்ராம், ஸுப்ரியா. பக்கத்து வீட்டுப் பையனைச் சின்ன வயதிலிருந்து கூப்பிட்ட வழக்கத்தில், 'சங்கர்சேட்டன்' என்று ஸுப்ரியா இணையதளத்தில் ஆசையாக எழுதிவைத்திருந்தாள். விதி, காலமான அவன் அப்பாவையும் கல்யாணராமனையும் ஒட்டி ஒரே ஆளாக்கிவிட்டது.

நீலாம்பாள் தலை நிமிரவில்லை. காமாக்ஷி எழுந்து வெளியே போனாள். பாவம் கல்யாணராமன், பிராட்வே கடைத்தெருவில் வேஷ்டி வாங்கக்கூட மனைவி இல்லாமல் போகாத மனிதர். சாயா டம்ளரைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

ஸுப்ரியா மட்டும் மேடையருகே வந்தாள். "சேட்டா, விதி தப்பாயிடுத்துன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அப்பாவை நான் சமாதானம் பண்ணிக்கறேன்."

அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்கு வரவில்லை. மைக்கைப் பிடித்து, "விதி சரிதான். 'சேட்டன்'னு எழுதினது இவ தப்பு" என்றான்.

ஸுப்ரியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, அண்ணா" என்று சொல்லிவிட்டு அம்மாவைத் தேடிப் போனாள்.